பவருக்கு ஒரே தமிழ்ச் சொல் தேட வேண்டாம்

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள தெருக்களில் ‘பவர்’ என்ற சொல் ஒரே நாளில் எத்தனை பொருளில் புழங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கரண்ட் போனால் ‘பவர் இல்லை’ என்கிறார்கள். கண்ணாடிக் கடையில் ‘இடது கண்ணுக்குப் பவர் கூடியிருக்கு’ என்கிறார்கள். மருந்துக் கடையில் ‘இதே மாத்திரைதான், பவர் கம்மியா குடுங்க’ என்று கேட்கிறார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் பவர் என்றால் அது எத்தனை எச்.பி. என்ற கணக்கு. வீட்டுமனை பேசுகிறவர்கள் ‘ஓனர் துபாயில இருக்கார், தம்பிக்குப் பவர் எழுதிக் குடுத்திருக்கார்’ என்று சொல்கிறார்கள். டியூஷனில் ஒரு பிள்ளை ‘பத்தின் பவர் ஆறு’ என்று மனப்பாடம் செய்கிறது. மாலையில் ரவுண்டானா அருகே பொதுக்கூட்டம் நடந்தால், எந்தக் கட்சி பவருக்கு வரும் என்பது டீக்கடைப் பேச்சு. ஏழு இடங்கள், ஏழு பொருள்கள். இவற்றில் எந்த இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேச முடியாது. ஆனாலும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள்.

இந்தச் சமாளிப்பைப் பார்த்து இரண்டு விதமான முடிவுக்கு வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் இத்தனை வேலை செய்கிறது, தமிழில் அப்படி ஒன்று இல்லை, ஆகவே பவர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ஒரு தரப்பு. பவர் என்பதற்குச் சரியான தூய தமிழ்ச் சொல் எது, ஆற்றலா, சக்தியா, திறனா என்று கேட்டு, ஒன்றை நிலைநாட்டிவிட்டு மற்றவற்றை ஒதுக்கப் பார்ப்பது இன்னொரு தரப்பு. எதிரெதிர் அணிகள் போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே பிழையான கேள்வியிலிருந்து புறப்படுகின்றன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்ற கணக்கு எந்த இரு மொழிகளுக்கு இடையிலும் ஒத்துவராது. பவருக்குத் தமிழில் ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். அவை ஏற்கெனவே இருக்கின்றன. பணமும் மதிப்பெண்ணும் சொத்தும் உடல்நலமும் அந்தச் சொல்லைப் பொறுத்து அமைகிற இடங்களில், அதாவது மின்கட்டண ரசீதிலும் வினாத்தாளிலும் பத்திரத்திலும் மருந்துச் சீட்டிலும், அந்தந்தச் சொல்லை அந்தந்தப் பொருளுக்குக் கண்டிப்பாகப் பயன்படுத்தாமல் விடுவதுதான் நம் குறை.

முதலில் ஆங்கிலத்தின் கதை. பவர் என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்து குடியேறியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக அது உள்ளே வந்தது. ‘முடிவது, இயல்வது’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வினைச்சொல் அதன் வேர். ஆளுகிறவன் நினைத்ததைச் செய்ய முடிகிறவன் என்பதால் அதிகாரம் என்ற பொருள் வந்தது. கணிதத்தில் வரும் பவருக்கு வேறு வழி. கிரேக்கர்கள் வர்க்கத்தைக் குறிக்க ‘துனாமிஸ்’ என்றார்கள். அதை லத்தீனில் பெயர்த்து, லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தபோது பவர் என்று ஆனது. அதாவது ஆங்கிலக் கணித ஆசிரியர் இன்று சொல்வதும் ஒரு மொழிபெயர்ப்புதான். இயற்பியலில் ஒரு நொடிக்கு எவ்வளவு வேலை என்ற கறாரான பொருள், நீராவி எந்திரம் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. நியூட்டன் காலத்து ஆங்கிலத்தில் விசையும் திறனும் ஆற்றலும் எல்லை பிரியாமல் கலந்து கிடந்தன. இப்படி வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு வாசல் வழியாக வந்த பொருள்கள் ஒரே உச்சரிப்புக்குள் அடைந்துகொண்டன. இதை அந்த மொழியின் மேதைமை என்று வியக்க வேண்டியதில்லை, வரலாற்றின் விளைவு என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தின் சிறு சொற்கள் பலவும் இப்படிப் பல பொருள்களைச் சுமப்பவை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதியவர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

தமிழில் இல்லை என்று வருந்துகிறவர்கள் ஜெர்மன் மொழியைப் பார்க்க வேண்டும். அரசியல் அதிகாரத்துக்கு அங்கே மாக்ட். இயற்பியல் திறனுக்கு லைஸ்டுங். மின்சாரத்துக்கு ஸ்ட்ரோம். கணித அடுக்குக்குப் போடென்ஸ். பவர் பத்திரத்துக்குப் ஃபோல்மாக்ட். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் ஜெர்மனில் ஐந்தாகப் பிரிந்து நிற்கிறது. இதனால் ஜெர்மன் அறிவியலுக்குத் தகுதியற்ற மொழி என்று யாரும் சொன்னதில்லை. நவீன இயற்பியலின் கணிசமான பகுதி முதலில் அந்த மொழியில்தான் எழுதப்பட்டது. தமிழின் பிரிவும் ஏறக்குறைய இதே வகைதான். ஆட்சிக்கும் சட்டத்துக்கும் அதிகாரம், இயற்பியலுக்குத் திறன், கணிதத்துக்கு அடுக்கு, கரண்டுக்கு மின்சாரம், பெரிய நாட்டுக்கு வல்லரசு, நெசவுக்கு விசைத்தறி. அனல் மின் நிலையம் என்று சொல்லும்போது ‘பவர்’ என்பதற்கு நேரான சொல்லே அதில் இல்லை. ‘மின்’ என்ற ஓரசை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எது உற்பத்தியாகிறது என்பதைச் சொல்லிவிட்ட பிறகு அதன் ஆற்றலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று தமிழ் முடிவு செய்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு தெரியாமலே போகும் இந்த மாதிரி இடங்கள்தான் நல்ல மொழிபெயர்ப்புக்கு அடையாளம்.

பிரிவு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் ஆற்றல் வேறு, திறன் வேறு என்று படிக்கிறார்கள். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது திறன், அதன் அலகு வாட். செலவான மொத்தக் கணக்கு ஆற்றல். நம் வீட்டு யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் ஆற்றல். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் இரண்டும் பவராகி ஒன்றாகிவிடுகின்றன. 2,000 வாட் கீஸரைப் பார்த்துப் பயப்படுகிற வீடுகளில் 75 வாட் பழைய மின்விசிறி நாள் முழுவதும் ஆளில்லாத அறையில் ஓடிக்கொண்டிருக்கும். கீஸர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். அந்த மின்விசிறி 24 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். கீஸரின் திறன் அதிகம். மின்விசிறி எடுத்துக்கொண்ட ஆற்றல் அதிகம். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்ல முடிகிறது. ‘பவர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுமாறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணமில்லை. அந்த எல்லையைத் தாண்டுவதும் தாண்டாததும் மாதச் செலவைத் தீர்மானிக்கிற குடும்பங்களுக்கு இது வெறும் சொல் விவகாரம் இல்லை.

மாடியில் சூரியத் தகடு பொருத்த 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். விற்க வருகிறவர் ‘மூணு கிலோவாட் பவர்’ என்கிறார். வீட்டுக்காரர் அதை எப்போதும் கிடைக்கிற அளவு என்று எடுத்துக்கொள்கிறார். 3 கிலோவாட் என்பது நல்ல வெயிலில் தகடுகள் எட்டக்கூடிய உச்சத் திறன். நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் ஆற்றல், கிலோவாட்டுக்குச் சுமார் நான்கு யூனிட் என்று வைத்துக்கொண்டால், 12 யூனிட் அளவில் நிற்கும். மழைக்காலத்தில் அதுவும் குறையும். கடன் வாங்கிப் பொருத்துகிற குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த இரண்டாவது எண். ‘தகட்டின் திறன் இவ்வளவு, ஒரு நாளில் கிடைக்கும் ஆற்றல் இவ்வளவு யூனிட்’ என்று விற்பனைச் சீட்டில் இரண்டு வரி அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தினால் போதும். சொற்கள் பாடப்புத்தகத்திலேயே தயாராக இருக்கின்றன.

கண்ணாடிக் கடைக்கு வருவோம், இங்கே குழப்பம் இன்னும் நுட்பமானது. ‘கண்ணு பவர் ஏறிடுச்சு’ என்று சொல்லும்போது உண்மையில் பார்வை குறைந்திருக்கிறது. ஏறியது லென்சின் திறன். இறங்கியது கண்ணின் பார்வைத்திறன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால், கண்ணாடி போட்டுப் போட்டுத்தான் பவர் ஏறுகிறது, போடாமல் இருந்தால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. அப்படி நம்பிக் கரும்பலகை சரியாகத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லென்சின் திறன் என்பது குவியத் தூரத்தின் தலைகீழ். 50 செண்டிமீட்டரில் ஒளியைக் குவிக்கும் லென்சின் திறன் கூட்டல் 2 டையாப்டர். அந்த எண் கண்ணாடியைப் பற்றியது, கண்ணின் வலிமையைப் பற்றியது இல்லை. இது மதுரைக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடாது. 1976-இல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணுக்குள் வைக்கும் லென்சு சாமானியர்களுக்கு எட்டாத விலையில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, 1992-இல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் இங்கே அதைத் தயாரிக்கத் தொடங்கியது. புரை நீக்கிய கண்ணுக்கு ஏறக்குறைய 20 டையாப்டர் அளவில் ஆளுக்கு ஆள் மாறும் திறனுள்ள லென்சைத் துல்லியமாகக் கணக்கிட்டு வைக்கிறார்கள். அத்தனை துல்லியம் கைவந்த ஊரில், சீட்டில் ‘லென்சின் திறன்’ என்றும் ‘பார்வைத்திறன்’ என்றும் இரண்டு தலைப்புகளைத் தமிழில் அச்சிடுவது பெரிய காரியம் ஆகாது. மருந்துக் கடையின் பவரும் இப்படித்தான். தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில், பாராசிட்டமால் 500 மில்லிகிராமில். எண்ணைப் பார்த்து எது ‘பவர் அதிகம்’ என்று ஒப்பிட இடமே இல்லை. மருந்தளவு என்ற எளிய சொல் இருக்க, பவர் என்று சொல்லிப் பழகியதால் அந்த ஒப்பீடு தானாக மனத்தில் வருகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பத்திரத்தில் வரும் பவர். ‘பவர் வாங்கிட்டேன்’ என்று சொல்கிறவர்களில் பலர், இடமே தன் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இந்த நினைப்புக்குச் சொல்லின் தோற்றமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பவர் என்றால் வலிமை, கையில் இருப்பது, தனதாக்கிக்கொண்டது என்ற உணர்வு அதில் ஏறிக்கொள்கிறது. சட்டத்தின்படி அது பிறர் சார்பில் செயல்படக் கொடுக்கப்பட்ட அதிகாரம் மட்டுமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, கொடுத்தவர் இறந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். முகவருக்கே அந்தச் சொத்தில் நலன் இருந்தால் மட்டும் அடுத்த பிரிவு விலக்குத் தருகிறது. பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் உயிலையும் சேர்த்து எழுதிக்கொண்டு, முத்திரைக் கட்டணத்தைத் தவிர்த்து நடந்துவந்த விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொன்னது. பதிவுத்துறையின் தமிழ் ஆவணங்களில் ‘பொது அதிகாரம்’, ‘முகவர்’ போன்ற சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எழுதுகிறவரும் எழுதிக்கொள்கிறவரும் வாய்ச்சொல்லில் பவர், பவர் ஏஜென்ட் என்றே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆவணத்தின் முதல் பக்கத்தில், ‘இது விற்பனைப் பத்திரம் அன்று, என் சார்பில் செயல்பட மட்டும் அதிகாரம் கொடுக்கிறேன்’ என்ற வரி தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். சேமிப்பு முழுவதையும் ஒரே மனையில் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி எத்தனையோ வழக்குகளை மிச்சப்படுத்தும்.

வினாத்தாளில் என்ன நடக்கும் என்பதற்கு மதுரையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2018 மே மாதம் நடந்த நீட் தேர்வைச் சுமார் 24 ஆயிரம் பேர் தமிழில் எழுதினார்கள். 180 கேள்விகளில் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழை என்று டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஜூலை 10-இல் கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் பத்தே நாளில் அதற்குத் தடை விதித்து, அந்த நவம்பரில் உத்தரவையும் ரத்து செய்தது. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கில ஒலியையே எழுதிச் ‘சீத்தா’ என்று அச்சிட்டிருந்தது அப்போது எல்லார் வாயிலும் அடிபட்டது. அதை எழுத்துப் பிழை வகையில் சேர்க்கலாம். அதைவிட ஆழமான சிக்கல் தேர்வின் விதியிலேயே இருந்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது அந்த விதி. அப்படியானால் தமிழில் எழுதுகிற பிள்ளை தன் முன்னால் இருக்கும் கேள்வியை நம்பக்கூடாது, தனக்குப் பழக்கமில்லாத மொழியில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிறது. திறன் கேட்கப்படுகிறதா, ஆற்றல் கேட்கப்படுகிறதா என்பது ஒரு கணக்கின் விடையையே மாற்றிவிடும். அங்கே சொல் மாறினால் தவறு அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது. இந்தி பேசுகிறவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2014-இல் குடிமைப் பணித் தேர்வுக்கு எதிராக டெல்லியில் மாணவர்கள் போராடியபோது, எஃகு ஆலை என்று இருக்க வேண்டிய இடத்தில் எஃகுச் செடி என்று பொருள்படும் இந்தித் தொடர் வினாத்தாளில் வந்ததை எடுத்துக்காட்டினார்கள். ‘பிளான்ட்’ என்ற சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டதன் விளைவு அது. வினாவை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பாடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து மாற்றச் சொல்லும் முறை இருக்கும்வரை இது நிற்காது. அந்தப் பாடத்தைத் தமிழில் நடத்துகிற ஆசிரியர்களே வினாவைத் தமிழில் எழுத வேண்டும். இரண்டு வடிவங்களும் முரண்பட்டால் அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் மதிப்பெண் என்று விதி மாற வேண்டும்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். தமிழ்ச் சொற்களும் பல பொருள் கொண்டவைதானே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். அதிகாரம் என்றால் ஆட்சி உரிமை. திருக்குறளின் 133 அதிகாரங்களும் அதிகாரங்களே. விசை என்பது இயற்பியலில் ஒன்று, விசைத்தறியில் ஒன்று, விசைப்பலகையில் இன்னொன்று. மதுரைப் பதிப்பு நாளிதழில் ‘நாளை மின்தடை’ என்ற தலைப்பில் வரும் பகுதிப் பட்டியலுக்கும், பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஓம் அலகில் அளக்கிற மின்தடைக்கும் சம்பந்தமில்லை. திறன் என்பதும் சிக்கல் இல்லாத சொல் கிடையாது. திறன் மேம்பாட்டுப் பயிற்சி, திறன்பேசி, பயனுறுதிறன் என்று அது பல பக்கம் இழுபடுகிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தள்ளவில்லை, அதன் எல்லையை வரைகிறது. இடம் வேறாக இருந்தால் ஒரு சொல் இரு பொருளில் வாழலாம். குறளின் அதிகாரத்தையும் ஆட்சியதிகாரத்தையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ளப் போவதில்லை. ஒரே வாக்கியத்தில், ஒரே ரசீதில், ஒரே கணக்கில் இரண்டு பொருள்களும் அருகருகே வரும்போதுதான் தனிச் சொல் கட்டாயமாகிறது. திறனும் ஆற்றலும் அப்படிப்பட்ட ஜோடி. லென்சின் திறனும் பார்வைத்திறனும் அப்படித்தான்.

மக்களுக்குப் புரிகிற சொல் பவர், அதைப் பிடுங்கிவிட்டுப் புத்தகச் சொல்லைத் திணிப்பது யாருக்கு நல்லது என்பது அடுத்த மறுப்பு. இதில் எனக்கு அனுதாபம் உண்டு. கடைத்தெருவில் பேசுகிறவரைத் திருத்தப் போவது வீண் வேலை, அது மரியாதையும் இல்லை. கரண்ட் போனால் பவர் கட் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். காயில் கட்டுகிறவர் எச்.பி. என்று சொல்வதில் எந்தக் குழப்பமும் கிடையாது, 746 வாட் ஒரு எச்.பி. என்று அவருக்குப் பலரைவிட நன்றாகத் தெரியும். நான் கேட்பது அரசும் நிறுவனங்களும் எழுத்தில் கொடுப்பவற்றைப் பற்றி மட்டும். அங்கேயும் மக்கள் சொல்லை அடைப்பில் வைத்துப் ‘பொது அதிகாரப் பத்திரம் (பவர்)’ என்று போட்டால் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. மின்வெட்டு என்ற சொல் இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பற்றாக்குறையால் நிறுத்துவது மின்வெட்டு, பராமரிப்பாலோ பழுதினாலோ போவது மின்தடை என்ற வேறுபாட்டை நாளிதழ்களும் சட்டமன்றப் பேச்சுகளும் சேர்ந்து பரப்பின. ‘பவர் கட்’ என்ற சொல் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. தமிழ் காட்டியதால், யார் பொறுப்பு என்று கேட்க மக்களுக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது இயந்திரமே மொழிபெயர்க்கிறது, வாக்கியத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்துகொள்கிறது, இனி எதற்கு இந்தக் கவலை என்றும் கேட்கிறார்கள். இயந்திரம் முன்னேறியிருப்பது உண்மை. ஆனால் அது கற்றுக்கொள்வது நாம் எழுதி வைத்த பக்கங்களிலிருந்துதான். அரசாணை ஒன்றில் எரிசக்தி, இன்னொன்றில் மின்சக்தி, பாடநூலில் ஆற்றல், சுவரொட்டியில் பவர் என்று கலந்து கொடுத்தால் அது அந்தக் கலவையையே திருப்பிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பல தலைமுறையாகத் தங்கள் துறைச் சொற்களைக் கறாராகக் கையாண்டதன் பலனைத்தான் இயந்திரம் அந்த மொழியில் காட்டுகிறது.

ஒரு மறுப்பை முழுதாக ஏற்கத்தான் வேண்டும். ஒரு சொல்லுக்குள் பல பொருள் சேர்ந்திருப்பதால் ஆங்கிலத்துக்குச் சில சிந்தனைகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரங்களை விற்ற மேத்யூ போல்டன், தன் பட்டறையைப் பார்க்க வந்த எழுத்தாளர் பாஸ்வெல்லிடம், உலகமே ஆசைப்படும் சரக்கு தன்னிடம் இருக்கிறது என்று 1776-இல் சொல்லிப் பவர் என்று முடித்தார். எந்திரமும் ஆட்சியும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து ஒலித்தன. தமிழில் அதைச் சொல்ல முயன்றால் ஒரு பாதி கைநழுவிவிடும். எரிசக்தியைக் கையில் வைத்திருக்கிறவர்களே உலகை ஆள்கிறார்கள் என்ற உண்மையை அந்த மொழி ஒரு சொல்லிலேயே காட்டிக்கொடுக்கிறது. நாம் அதை வாக்கியமாக எழுதித்தான் காட்ட வேண்டும். இழப்புதான். ஆனால் மறுபக்கமும் உண்டு. பவரிலிருந்து பிறந்த ‘எம்பவர்மென்ட்’ என்பதை மத்திய அமைச்சகத்தின் பெயரில் ‘அதிகாரமளித்தல்’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். அளிக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் என்ற படிநிலை அதில் ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் அதை ‘வலுவூட்டல்’ என்கிறார்கள். இதிலும் ஊட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றாலும், வலு என்பது வாங்கியவரின் உடலில் தங்கிவிடும். அதிகாரத்தைப் போல நாளைக்குத் திரும்பப் பெற முடியாது. பெண்களின் சுயஉதவிக் குழுவைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பது அரசியல் நிலைப்பாடே. ஆங்கிலம் மறைத்துவைத்த ஒரு கேள்வியை மொழிபெயர்ப்பு இங்கே வெளியே இழுத்துவிடுகிறது.

இலங்கையைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே இயற்பியல் மாணவர் திறனை ‘வலு’ என்றும், ஆற்றலைச் ‘சக்தி’ என்றும் படிக்கிறார். நாம் திசைவேகம் என்பது அவருக்கு வேகம், நாம் வேகம் என்பது அவருக்குக் கதி. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலந்தொட்டு அந்த மண்ணுக்குத் தனிக் கலைச்சொல் மரபு இருக்கிறது. நமக்கு, ராஜாஜி 1916-இல் சேலத்தில் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் தொடங்கியதில் இருந்து வரும் மரபு. இரண்டிலும் நல்ல உழைப்பு உண்டு. என் கருத்தில், பவரின் இயற்பியல் பொருளுக்குத் திறனைவிட வலு பொருத்தமானது. பயிற்சியால் வரும் திறமையோடு அது குழம்பாது. இரண்டு நாட்டுப் பாடநூல் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்றால், மதுரையில் உலகத் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்ததுதான். 1974-இல் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அகரமுதலித் திட்டமும் இன்று கலைச்சொற்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, இன்னும் பல ஆயிரம் புதிய சொற்களை ஆக்குவது அன்று. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சிறு சொற்களில் ஒரு முந்நூறை எடுத்து, ஒவ்வொன்றின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தையும் அங்கே வரவேண்டிய சொல்லையும் தர வேண்டும். இப்போதைய பட்டியல்கள் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் நான்கு சொல் என்று நிற்கின்றன. எதை எங்கே போடுவது என்று அவை சொல்வதில்லை. பவருக்கு நேரே ‘ஆற்றல், சக்தி, திறன், அதிகாரம்’ என்று பார்க்கிற அவசரக்கார மொழிபெயர்ப்பாளர் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மின் வாரியம், பதிவுத்துறை, மருத்துவத்துறை, தேர்வுத்துறை ஆகிய நான்கும் அந்த வாக்கியப் பட்டியலைத் தங்கள் படிவங்களுக்குக் கட்டாயமாக்கினால், அடுத்த கல்வியாண்டுக்குள் பழைய படிவங்களை மாற்றி அச்சிட்டுவிடலாம்.